பக்கத்து ஊரிலும் பேசக்கூடிய பேச்சு

கல்முனையில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். வாப்பாவுக்குப் பிறகு நான். கட்சி பார்த்து மைக் கட்டினால் அடுப்பு எரியாது; கேட்டவருக்கெல்லாம் கட்டியிருக்கிறேன். தேர்தல் வந்தால் மேடைக்காரர் தவறாமல் சொல்வது ஒன்று: "காக்கா, ரெண்டு குழலை அடுத்த ஊர்ப் பக்கம் திருப்பி உடுங்க, அவனுகளுக்கும் கேக்கட்டும்."

குழல்தான் அந்தப் பக்கம் திரும்பும். பேச்சு முன்வரிசையில் இருக்கும் சொந்த ஆட்களுக்கானது. அடுத்த ஊர் அதில் அடிவாங்க மட்டுமே வருகிறது.

நாவன்மையையும் தாக்குப் பேச்சையும் நம் மேடைகள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. நாவன்மை உள்ளவன் உடன்படாதவனை நோக்கிப் பேசுகிறான். அவன் மனதில் எழும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். தாக்கிப் பேசுபவனுக்கு அந்தச் சுமை கிடையாது. ஏற்கெனவே நம்புகிறவர்கள் கைதட்டினால் அவன் வேலை முடிந்தது.

1999இல் பௌத்தத் தலமான தீகவாபியின் காணி விவகாரம் கொதித்தபோது, அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் கல்முனையில் ஒரு கூட்டம் போட்டு, தன்மேல் குற்றஞ்சாட்டிய பௌத்த பிக்கு கங்கொடவில சோம தேரரைத் திட்டியிருக்கலாம். கைதட்டலுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. அவர் டி.என்.எல். தொலைக்காட்சிக்குப் போய், தேரருக்கு எதிரில் இருந்து, சிங்களத்தில் வாதாடினார். குற்றச்சாட்டைக் கேட்ட மக்களிடம் அவர்களுடைய மொழியிலேயே பதில் சொன்னார். வென்றது யார் என்பதை விடுங்கள். அந்த இடத்தையும் மொழியையும் தேர்ந்ததில்தான் அவருடைய நாவன்மையை நான் காண்கிறேன். அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பவர்கள் குரலை மட்டும் பின்பற்றுகிறார்கள்.

2019 ஜூனைப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து இரண்டு மாதம். அதைத் தொடர்ந்து சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்பின் பயம் தீரவில்லை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி, பௌத்த பிக்கு ஒருவரும் இந்துக் குருக்களும் தமிழ்ப் பிரமுகர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிராக முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பிரச்சினை எல்லை, காணி, நிதி அதிகாரம் பற்றியது. ஒரு வரைபடத்தை விரித்து வைத்துப் பேசலாம். ஆனால் இரு பக்கத்திலும் அது இனத்தின் உயிர்ப் போராட்டமாகப் பேசப்பட்டது. மற்றவரின் பயத்துக்கு விடை சொல்ல ஆளில்லை.

இது தமிழர், முஸ்லிம் சண்டை மட்டுமல்ல. 1987இல் கல்முனைப் பட்டின சபையையும் கரைவாகு கிராம சபைகளையும் சேர்த்து ஒரே பிரதேச சபையாக்கினார்கள். அதற்குள் அடங்கிய முஸ்லிம் ஊரான சாய்ந்தமருது பின்னர் தனிச்சபை கேட்டது. 2018இல் தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று, அந்தப் பிரதேச சபை வளர்ந்து உருவான கல்முனை மாநகர சபைக்குள் போனது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கான நகர சபை வர்த்தமானியில் வந்து சில நாளிலேயே இடைநிறுத்தப்பட்டது. ஒரே பள்ளிவாசலில் தொழக்கூடியவர்கள், ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், மேடையில் ஒருவரையொருவர் துரோகி என்றார்கள்.

கண்டனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அரசு எரித்தபோது மெல்லிய குரலில் பேச முடியுமா? 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழர்கள் நடத்திய பேரணி கடும் கண்டனப் பேரணிதான். ஆனால் காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. அதனால் எங்கள் கரையோரத்து முஸ்லிம்களும் அதில் சேர்ந்தார்கள். அரசை அவ்வளவு கடுமையாகத் தாக்கிய அதே குரல், அயலவனுக்கு இடம் விட்டது.

தேர்தலில் மேடையேறும் தம்பிமாருக்கு, மைக் கட்டுகிறவனின் வேண்டுகோள் இது. முஸ்லிம் ஊரான மருதமுனையில் பேசுவதை ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழ் ஊரான பாண்டிருப்பில் பேச முடியுமா, கல்முனைக்குடியில் பேசுவதைச் சாய்ந்தமருதில் பேச முடியுமா என்று வீட்டிலேயே யோசித்துவிட்டு வாருங்கள். முடியாதென்றால் அந்தப் பேச்சை எழுதிய தாளைக் கிழித்துப் போடுங்கள்.