பட்டம் வந்தது, படிப்பு வந்ததா?



உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகனோ மகளோ இருக்கிறார்களா? இருந்தால் இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை அரியர்?" என்றும் கேட்காதீர்கள். "ஆறு மாதத்துக்கு முன்பு உன்னால் செய்ய முடியாமல் இருந்து, இப்போது செய்ய முடிகிற காரியம் எது?" என்று கேளுங்கள்.

பதில் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தக் கேள்வியை இதுவரை அவனிடம் யாரும் கேட்டதே இல்லை!

வாசல் திறந்தது, உள்ளே என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம். தமிழகத்திலேயே கடைசி இடம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் 1965ல் அரசுக் கலைக் கல்லூரி வந்தது. 1997ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. 2008ல் மருத்துவக் கல்லூரியும், 2013ல் அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் விடிகாலைப் பேருந்து ஏறி வரும் பிள்ளைகளில் பலர், தம் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள்.

நம் சமுதாயத்தின் கதையும் இதுதான். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று 2006ல் சச்சார் குழு சொன்னது. 2007ல் தமிழகத்தில் 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. இடத்துக்காகப் போராடினோம், இன்னும் போராடுவோம். ஆனால் இடம் கிடைத்த பிள்ளை மூன்று வருடம் கழித்து எதைக் கற்று வெளியே வருகிறான் என்று நாம் கேட்டோமா? கேட்கவில்லை என்பதுதான் வேதனை.

காகிதத்தில் நிறைவேறும் இலக்கு

"அரசு கேட்கிறதே, அளக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். இன்றைய பாடத்திட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் "இதைப் படித்து முடிக்கும் மாணவர் இன்னின்ன செய்ய வல்லவர் ஆவார்" என்று ஐந்து வரிகள் இருக்கும். பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 3, 2, 1 என்று எண்கள் நிரப்பப்பட்டிருக்கும். இதற்குக் கற்றல் விளைவு என்று பெயர். 2014ல் பொறியியல் கல்விக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினர் ஆன பிறகு பொறியியல் கல்லூரிகளில் வேகம் பிடித்த இந்த முறை, இப்போது கலைக் கல்லூரிகளையும் எட்டிவிட்டது.

யோசனை நல்ல யோசனைதான். ஆசிரியர் என்ன நடத்தினார் என்பதை விட மாணவன் என்ன கற்றான் என்பதுதானே முக்கியம்! ஆனால் இலக்கு நிறைவேறியதா என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இத்தனை சதவீத மாணவர்கள் இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தால் இலக்கு நிறைவேறியதாகக் கணக்கு. அந்த மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? 75 மார்க், பழைய கேள்வித்தாளையும் கடைவீதி கைடையும் மனப்பாடம் செய்து எழுதும் பரீட்சையிலிருந்து வருகிறது. மீதி 25, வருகைப் பதிவிலிருந்தும் ஒருவர் எழுத நாற்பது பேர் பார்த்து எழுதும் அசைன்மென்டிலிருந்தும் வருகிறது. அளவுகோல் பழையதுதான், பெயர்ப் பலகை மட்டும் புதிது.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பும் கற்றல் விளைவைப் பற்றிக் கேட்கிறது. கூடவே தேர்ச்சி சதவீதத்தையும் கணக்கில் எடுக்கிறது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்சக் குற்றச்சாட்டில் சி.பி.ஐ. கைது செய்தது. அளப்பவர் மீதே வழக்கு என்றால், அளந்து தந்த எண்ணை எப்படி நம்புவது?

கிணற்றுத் தண்ணீர் கேட்கும் கேள்வி

உண்மையான அளவுகோல் எது என்று கேட்பீர்கள். அதற்கு வெளிநாடு போக வேண்டாம், நம் ஊர்க் கிணற்றடிக்கு வாருங்கள்.

தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லைக் கறையாக்கி எலும்பை வளைக்கும் அந்த நீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் திறக்கப்பட்டது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணயம். இந்த மாவட்டத்தில் வேதியியல் படிக்கும் மாணவன் ஃப்ளோரின் பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு அழகாக எழுதுவான். தன் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு குப்பியில் பிடித்து வந்து, சோதித்து, "இதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்" என்று ஊராரிடம் தமிழில் விளக்க அவனால் முடியுமா? முடிந்தால் அவன் கற்றிருக்கிறான். முடியாவிட்டால் 100க்கு 90 எடுத்தும் பயனில்லை.

பொருளாதாரம் படிப்பவர் பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை ஒரு வாரம் ஏறி மறுவாரம் சரிவது ஏன் என்று கணக்குடன் சொல்ல வேண்டும். விலங்கியல் படிப்பவருக்குப் பட்டுக்கூட்டின் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். வரலாறு படிப்பவர் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களில் ஒன்றையாவது படித்துக் காட்ட வேண்டும். இவை எல்லாம் சோதிக்கக் கூடியவையே. சோதிப்பார் இல்லை!

உலகத்திலும் இதே கேள்வி

அமெரிக்காவிலும் இதைக் கேட்டார்கள். ரிச்சர்ட் ஆரம், ஜோசிபா ரோக்சா என்ற இரு ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட நூலில், கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளில் 45 சதவீத மாணவர்களிடம் சிந்திக்கும் திறனிலும் எழுதும் திறனிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று சொன்னார்கள். ஒரே வகையான தேர்வை நுழையும்போதும் பிறகும் வைத்ததால்தான் அந்த உண்மை வெளியே வந்தது.

நம் நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு முயற்சி உண்டு. பிரதம் அமைப்பினர் 2005 முதல் வீடு வீடாகச் சென்று, குழந்தையின் கையில் இரண்டாம் வகுப்புப் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். எளிய சோதனைதான், ஆனால் நாடே அதிர்ந்தது. கல்லூரிக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை? பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் குரூப் 4 தேர்வுக்கு 2022ல் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்களே, அந்த வரிசையில் பட்டதாரிகளும் நின்றார்களே! வேலையில்லாக் கொடுமை ஒரு காரணம். பட்டத்தின் மீது பட்டதாரிக்கே நம்பிக்கை இல்லாதது இன்னொரு காரணம் இல்லையா?

ஏழைப் பிள்ளையை வடிகட்டவா?

"கடுமையாகச் சோதித்தால் முதல் தலைமுறைப் பிள்ளைகள்தானே அடிபடுவார்கள்?" என்ற அச்சம் நியாயமானது. நாம் கேட்பது வடிகட்டும் சல்லடையை அல்ல. காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பது நோயாளியை விரட்டவா, மருந்து கொடுக்கவா? குறை மூன்றாம் வருடக் கடைசியில் வேலைக்கான நேர்காணலில் தெரிவதை விட, முதல் செமஸ்டரிலேயே தெரிவது ஏழைப் பிள்ளைக்குத்தான் லாபம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி இருக்கிறது. நம் பிள்ளைக்குக் கல்லூரியை விட்டால் வேறு எது இருக்கிறது?

ஆசிரியர்களையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2024 மார்ச்சில் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்க அறிவிப்பு வந்தது என்றால், எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்று பாருங்கள். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் சூட்டி, நிரந்தரம் இல்லாத வேலையில் வைத்து, கட்டம் நிரப்பும் குமாஸ்தா வேலையையும் அவர் தலையில் கட்டினால், அவர் எந்த மாணவனைத்தான் கவனிப்பார்?

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு பாடத்தின் கற்றல் விளைவும் எளிய தமிழில், முதல் நாளே மாணவர் கையில் தரப்பட வேண்டும். இரண்டு: கேள்வித்தாளில் பாதியாவது கைடில் பதில் இல்லாத, யோசித்து எழுதும் கேள்வியாக இருக்க வேண்டும். மூன்று: இன்டர்னல் 25 மார்க்குக்கு ஊரில் செய்த வேலையும், அதைப் பற்றிய நேருக்கு நேர் விசாரணையும் வேண்டும். நான்கு: சேரும்போதும் முடிக்கும்போதும் ஒரே தரத்தில் ஒரு தேர்வு வைத்து, மாணவர் பெயர் இல்லாமல் கல்லூரி வாரியாக முடிவை வெளியிட வேண்டும். ஐந்து: காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஐந்தாவது இல்லாமல் முதல் நான்கும் மீண்டும் காகிதம்தான்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் வேலை இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். போய் உட்காருங்கள். கட்டடம் எப்போது, பேருந்து எப்போது என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "என் பிள்ளை என்ன கற்றான்? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை எழுந்து வராதீர்கள்!