அனுமார் அணாவும் ரோமானியக் காசும்



ராமர், அனுமார் உருவத்தோடு 1818ஆம் ஆண்டு பொறித்த ‘கம்பெனி அணா’ எங்கள் பக்கம் பெரும் விலைக்குப் பேசப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. சென்னை மாகாணத்து வராகனில் பெருமாள் உருவம் உண்மையிலேயே உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள்.

1840ஆம் ஆண்டு விக்டோரியா வெள்ளி ரூபாயிலும் போலி நிறைய. அசல் 11.66 கிராம், தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், அதற்கு மேல் இருக்காது. காந்தத்தில் ஒட்டினால் போலி; ஒட்டாததால் மட்டும் அசலாகிவிடாது. எங்கள் பக்கத்து ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வெர்னியர் காலிப்பர் பழக்கம்தான், விட்டத்தை அளந்துவிடலாம். முக்கியமாக விளிம்பைப் பாருங்கள். போலியாக வார்த்த காசில் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். லென்ஸில் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

2022இல் இந்தியத் தொல்லியல் துறை எங்கள் ஊர் வடக்குப்பட்டில் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. அதைச் சொல்லி யாரேனும் ‘வடக்குப்பட்டு ரோமானியக் காசு’ என்று நீட்டினால் வாங்காதீர்கள். அது போலியாக இருக்கும். இல்லையென்றால், 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவித்திருக்க வேண்டிய பொருள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவு, பொதுமக்கள் கொண்டுவரும் காசுகளை மாதம் ஒருநாளாவது பரிசோதித்துச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

– நாணயச் சேகரிப்பாளர், வடக்குப்பட்டு