மீனாவின் கேள்விக்கு ஆம்பூர் என்ன பதில் சொல்கிறது?

ராம் மோகன் என்ற பெயரை நம் மக்களில் வெகு சிலரே அறிவர். ஆனால் அவர் கை வரைந்த மீனா என்ற சிறுமியை இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளின் குழந்தைகள் நன்கு அறிவர். எல்லைகளால் பிரிக்கப்பட்டு, பகைமையூட்டப்பட்ட இந்த நாடுகளின் ஏழைக் குழந்தைகள் எல்லோரும் ஒரே சிறுமியைத் தங்கள் தோழியாக ஏற்றுக்கொண்டார்கள். இது சாமான்யமான சாதனையா?

1931-ல் பிறந்த ராம் மோகன், 1956-ல் பம்பாயில் மத்திய சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷனில் புதிதாக ஏற்பட்ட கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் அங்கு வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1968-ல் ராம் மோகன் சர்க்கார் வேலையை விட்டார். 1972-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’, சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ ஆகிய படங்களின் கார்ட்டூன் பகுதிகள் அவருடைய கைவண்ணமே. ஜப்பானியர் யூகோ சாகோவுடன் சேர்ந்து ராமாயணக் கதையை முழுநீளக் கார்ட்டூன் படமாக்கினார். 2014-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2019 அக்டோபர் 11-ல், 88-வது வயதில், அவர் காலமானார்.

இந்தத் தொழில் எத்தகையது? திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே சித்திரத்தை இருமுறை பதித்தாலும், 10 நிமிஷக் கதையை முழு அசைவுடன் காட்ட 7,200 சித்திரங்கள் வேண்டும். குழந்தை சிரித்துவிட்டு மறக்கும் ஒரு நொடிக்குப் பின்னால் பலருடைய இடுப்பொடியும் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பாளிகளின் பெயரைக் கேட்பார் யார்? ஷூவின் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். தைத்தவளின் பெயர் இருக்காது. அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகளின் கார்ட்டூன்களை நம் நகரங்களின் இளைஞர்கள் கூலிக்கு வரைந்து தருகிறார்கள். அவர்கள் நிலையும் இதுதான்.

சார்க் நாடுகள் 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டாக அறிவித்தன. அதையொட்டி ஐ.நா. குழந்தைகள் நிதியம் மீனாவை உருவாக்கும் பொறுப்பை ராம் மோகனிடம் கொடுத்தது. அவர் அறைக்குள் உட்கார்ந்து ஒரு பொம்மையை வரைந்து தந்துவிடவில்லை. சித்திரங்கள் பல நாட்டு மக்களிடம் கொண்டு போகப்பட்டன. இவள் நம் வீட்டுப் பெண்தானா, இந்த உடை பொருந்துமா என்று அவர்களிடமே கேட்டு, திருத்தித் திருத்தி வரையப்பட்டது. மக்களிடம் கற்று மக்களுக்கே தரும் கலை இதுவே.

கதைகளும் அப்படியே. தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான்; மீனா வீட்டு வேலை செய்கிறாள். அவள் தன் கிளி மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டு வந்த எண்களைத் தானும் கற்கிறாள். அந்தக் கணக்குதான் கோழி திருட்டுப் போனதைக் கண்டுபிடிக்கிறது. தகப்பனின் மனமும் மாறுகிறது. இன்னொரு கதையில் மாம்பழத்தின் பெரிய பங்கு தம்பிக்கு. வேலையின் பெரிய பங்கு அக்காளுக்கு. இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள், உண்மை வெளிப்படுகிறது.

இந்த வீடு எங்கோ இருக்கும் வீடா? ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக உள்ள வீடுகளைப் பாருங்கள். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்வோர் ஒருபுறம். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் மறுபுறம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இடையில் ஏஜெண்ட். இ.எஸ்.ஐ. இல்லை, பிராவிடண்ட் பண்ட் இல்லை. அவள் தைத்த ஷூ ஐரோப்பியக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதும் அவளுக்குத் தெரியாது.

லாரி வரும் நாளுக்குள் வேலை முடியாவிட்டால் தாய் என்ன செய்வாள்? பள்ளியிலிருந்து வந்த மகள் உட்கார்ந்து ஊசி பிடிப்பாள். மகன் தெருவில் விளையாடுவான். தாயைக் குறை சொல்ல நாம் தயாரில்லை. அவளுடைய கூலிதான் குழந்தையின் நேரத்தையும் சேர்த்துத் தின்கிறது. 2016-ல் குழந்தை உழைப்புச் சட்டத்தைத் திருத்திய மத்திய சர்க்கார், பள்ளி நேரம் போக, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் குழந்தைகள் உதவலாம் என்று வழி திறந்துவிட்டது. முதலாளியின் ஆர்டர் வீட்டுக்குள் நுழைந்ததும் அது குடும்பத் தொழிலாகிவிடுமா? அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் எங்கே?

மீனா படம் பார்த்து மனம் மாறலாம். மாறியும் இருக்கிறது. ஆனால் தகப்பனின் மனம் மாறினால் மட்டும் போதாது. தாயின் கூலியும் மாற வேண்டும். ராம் மோகனின் சித்திரம் கேள்வியை எழுப்பியது. பதில் சொல்ல வேண்டியவர்கள் சர்க்காரும் ஏற்றுமதி முதலாளிகளும்.

ஆகவே நாம் கோருகிறோம்: வீட்டில் தைக்கும் பெண்களைக் கணக்கெடுத்துத் தொழிலாளர்களாகப் பதிவு செய்ய வேண்டும். ஜோடிக் கூலி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் நிர்ணயிக்கப்பட வேண்டும். வீட்டுவேலை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1996-ம் வருஷத்து 177-வது உடன்படிக்கையை இந்திய சர்க்கார் ஏற்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2019-ல் தமிழக சர்க்கார் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. தரமணியில் சர்க்கார் நடத்தும் கல்லூரியில் கார்ட்டூன் கலை கற்பிக்கப்படுகிறது. திரையும் இருக்கிறது, கையும் இருக்கிறது. அப்படியிருக்க நம் குழந்தைகள் அந்நியக் கம்பெனிகளின் பொம்மைகளையும் அவற்றின் நடுவே வரும் மிட்டாய் விளம்பரங்களையும் மட்டுமே பார்க்க வேண்டுமா? பாலாற்றங்கரைச் சிறுமி ஒருத்தி தன் ஊர்ப் பேச்சில், தன் தாயின் ஊசியைப் பற்றியும் தன் பள்ளியைப் பற்றியும் பேசும் கதையை நம் கலைஞர்கள் வரையட்டும். வரைபவர்களுக்கும் நியாயமான கூலியும் திரையில் பெயரும் கிடைக்கட்டும்.

ராம் மோகனுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.