கதவைத் திறந்தபின் பதினான்கு நாள்

2020 ஜூலை 13, திங்கட்கிழமை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சாந்தா கிளாரா கவுன்டியில் முடிதிருத்தும் நிலையங்கள் ஏறக்குறைய நான்கு மாதங்களுக்குப் பிறகு திறந்தன. புதன்கிழமை மறுபடியும் மூடச் சொல்லிவிட்டார்கள். இடையில் கிடைத்தது இரண்டே நாள். கவுன்டி அனுமதித்த அதே திங்கட்கிழமை, தொற்று ஏறிவரும் வட்டாரங்களில் இத்தகைய கடைகளை மூடும்படி மாநில ஆளுநர் கேவின் நியூசம் உத்தரவிட்டார். மாநிலத்தின் கண்காணிப்புப் பட்டியலில் சாந்தா கிளாராவும் இருந்தது.

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிப் பேசும்போது எந்த அரசாங்கம் எப்போது மூடியது என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறோம். எப்படித் திறந்தது என்பதில்தான் அறிவியல் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு கதவைத் திறந்தால் அதன் விளைவு எண்களில் தெரியும்வரை அடுத்த கதவைத் தொடக்கூடாது. சொல்வது எளிது, செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த ஒரு கவுன்டியின் கதை போதும்.

கவுன்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தைப் போன்றது. ஆனால் அதிகாரம் கூடுதல். சாந்தா கிளாராவில் ஏறக்குறைய 19 லட்சம் பேர் வாழ்கிறார்கள். சான் ஹோசே நகரம் அங்குதான் இருக்கிறது. ஆப்பிள், கூகுள் நிறுவனங்களின் தலைமையகங்களும் அங்குதான். கலிபோர்னியச் சட்டப்படி ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு சுகாதார அதிகாரி உண்டு. அவர் மருத்துவராக இருப்பார். தொற்றுநோய் பரவினால் அதைத் தடுக்க உத்தரவிடும் அதிகாரம் நேரடியாக அவர் கையில் இருக்கிறது. சாந்தா கிளாராவில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மருத்துவர் சாரா கோடி.

2020 மார்ச் 16 அன்று, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஆறு கவுன்டிகளும் பெர்க்லி நகரமும் ஒரே நேரத்தில் "வீட்டிலேயே இருங்கள்" என்று உத்தரவிட்டன. ஏறக்குறைய 67 லட்சம் பேரைக் கட்டுப்படுத்திய அந்த உத்தரவு மறுநாள் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவில் இத்தகைய உத்தரவு அதுவே முதல். கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் உத்தரவு வந்தது மார்ச் 19-இல்தான். நமது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18-இல் தொடங்கியது; அப்போது நீங்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பீர்கள்.

உத்தரவு வந்த நாளில் அந்த வட்டாரம் முழுவதும் உறுதிசெய்யப்பட்ட தொற்றுகள் முந்நூறுக்கும் குறைவு. 67 லட்சத்தில் முந்நூறு பேர். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று பலர் கேட்டதில் வியப்பில்லை.

அந்த எண்ணின் உண்மை முகம் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. பிப்ரவரி 6-இல் கவுன்டியில் ஒருவர் தம் வீட்டில் இறந்திருந்தார். கோவிட்-19 என்று அப்போது எவரும் நினைக்கவில்லை. கவுன்டியின் மரண விசாரணை மருத்துவர் உடலிலிருந்து எடுத்த திசு மாதிரிகளை மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்திற்கு அனுப்பினார். ஏப்ரல் 21-இல் முடிவு வந்தது: கோவிட்-19. அதுவரை கவுன்டி தன் முதல் மரணம் என்று கணக்கு வைத்திருந்தது மார்ச் 9-ஐ. ஒரு மாதத்திற்கும் மேலான பிழை! யாரோ அசட்டையாக இருந்ததால் நேர்ந்ததல்ல இது. தொடக்கத்தில் பரிசோதனைக் கருவிகள் மிகக் குறைவு. வெளிநாடு சென்று வந்தவர்களுக்கும் நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களுக்கும்தான் முன்னுரிமை. பயணம் செய்யாத ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவரைச் சோதிக்க வழியில்லை. தேடாத இடத்தில் கிருமி எப்படிக் கிடைக்கும்?

பரிசோதனை தாராளமாகக் கிடைத்தாலும் இன்னொரு தாமதம் இருக்கிறது. அது கிருமியின் இயல்பிலேயே உள்ளது. கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து நாள் ஆகும். சிலருக்குப் பதினான்கு நாள்வரை. பிறகு அவர் கிளினிக்கிற்குப் போக வேண்டும், சளி மாதிரி எடுக்க வேண்டும், முடிவு வர வேண்டும். நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வதற்கு மேலும் ஒரு வாரம் ஆகலாம். அதாவது, இன்று மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பு நடந்ததைக் காட்டுகிறார். நேற்று நடந்ததை அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கணக்காகப் போட்டுப் பாருங்கள். தொற்று மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது 100 பேர். அது 12 நாளுக்கு முந்தைய நிலவரம். அந்த 12 நாளில் நான்கு இரட்டிப்பு நடந்துவிட்டது. 200, 400, 800, 1,600. இன்று உண்மையில் இருப்பவர்கள் 1,600 பேர். முந்நூறைப் பார்த்து ஆறு கவுன்டிகளின் மருத்துவர்கள் பயந்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

நியூயார்க் மாநிலத்தில் இதுபோன்ற உத்தரவு மார்ச் 22-இல் நடப்புக்கு வந்தது. ஐந்து நாள் வித்தியாசம். அங்கு நேர்ந்த பேரிழப்பையும் விரிகுடாப் பகுதியையும் ஒப்பிட்டு, "பார்த்தீர்களா, ஐந்தே நாள்!" என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நியூயார்க் நகரம் நெருக்கமானது, சுரங்க இரயிலில் இயங்குவது. இரண்டு இடங்களுக்கும் இடையே வேறுபாடு நாட்காட்டியில் மட்டும் இல்லை.

இனி திறப்புக்கு வருவோம். பச்சைப்பயற்றை முளைக்க வைத்த அறிவியல் பாடம் நினைவிருக்கிறதா? ஒரு குவளைக்கு நீர், மற்றொன்றுக்கு நீர் இல்லை. வெளிச்சமும் பஞ்சும் பயறும் இரண்டிலும் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். நீரையும் வெளிச்சத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டால், எதனால் முளைக்கவில்லை என்று கடைசிவரை தெரியாது. இரண்டாம் நாளே பஞ்சைப் பிரித்துப் பார்த்து "முளைக்கவில்லை" என்று எழுதிக்கொடுப்பதும் ஆய்வாகாது.

ஒரு கவுன்டியைக் குவளையைப்போல் நடத்த முடியாதுதான். இருந்தாலும் ஏப்ரல் இறுதியில் ஆறு கவுன்டிகளும் அதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தன. எந்த எண்களைப் பார்த்துத் திறப்போம் என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிட்டன. மருத்துவமனையில் உள்ள கோவிட் நோயாளிகளின் எண்ணிக்கை தொடர்ந்து 14 நாள் ஏறாமல் இருக்க வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 200 பரிசோதனை செய்ய வேண்டும். சாந்தா கிளாராவின் மக்கள்தொகைக்கு அது தினமும் ஏறக்குறைய 3,800. அப்போது அது எட்டாத உயரம். தொற்று கண்டவர்களில் 90 விழுக்காட்டினரையாவது தொடர்புகொண்டு, அவர்கள் யாரையெல்லாம் சந்தித்தார்கள் என்று கேட்டறிய வேண்டும். மருத்துவமனைகளில் 30 நாளுக்குத் தேவையான பாதுகாப்புக் கவசங்கள் கையிருப்பில் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த முன்கூட்டியே எழுதிவைத்த செயல்தான். ஆய்வுக்குப் பிறகு கருதுகோளை மாற்றி எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்காது, அல்லவா?

மே 4-இல் கட்டுமானமும் செடி விற்கும் நாற்றுப்பண்ணை போன்ற வெளிப்புறத் தொழில்களும் திறந்தன. மே 22-இல்தான் கடைவாசலில் நின்று பொருள் வாங்கும் முறைக்கு சாந்தா கிளாரா அனுமதி தந்தது. ஜூன் 5-இல் கடைக்குள் நுழையலாம், உணவகத்தின் வெளிப்புற மேசையில் சாப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு வாரத்திற்குக் குறையாத இடைவெளி.

மாநிலமோ வேறு வேகத்தில் ஓடியது. மே 18-இல் திறப்பதற்கான நிபந்தனைகளைத் தளர்த்தியது. மே 25-இல் வழிபாட்டுத் தலங்களுக்கும் கடைகளுக்கும் வழிவிட்டது. அடுத்த நாளே, தகுதிபெற்ற கவுன்டிகளில் முடிதிருத்தும் நிலையங்களும் திறக்கலாம் என்றது. அதே மே 26-இல் கவுன்டியின் மேற்பார்வை மன்றத்தில் பேசிய சாரா கோடி, இந்த வேகம் தமக்குக் கவலை அளிப்பதாகச் சொன்னார். அடிக்கடி மாற்றினால் நாம் குருடராகிவிடுவோம், இப்போது செய்ததன் விளைவைப் பார்க்கவே முடியாது என்பது அவர் வாதம். பயறுப் பாடமேதான். ஜூலை 13-இல் மாநிலம் திரும்ப மூட வேண்டி வந்தபோது, எந்தக் கதவால் தொற்று ஏறியது என்று சொல்ல வழியில்லாமல் போனது. எல்லாக் கதவும் ஒரே மாதத்தில் திறந்திருந்தன.

இந்த இடத்தில் கவுன்டியையும் விடக்கூடாது. எண்கள் ஏறிக்கொண்டிருந்த ஜூலையில் முடிதிருத்தும் நிலையங்களைத் திறக்க அனுமதித்தது தவறு என்பேன். தானே எழுதிய பாடத்தைத் தானே மறந்தது அந்த வாரம்.

பொறுமைக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. பக்கத்து அலமேடா கவுன்டியில் உள்ள ஃபிரீமண்ட் நகரில் டெஸ்லா கார்த் தொழிற்சாலை இருக்கிறது. இலான் மஸ்க் கவுன்டியின்மீது வழக்குத் தொடுத்தார்; மே 11-இல் உத்தரவை மீறி உற்பத்தியைத் தொடங்குவதாக வெளிப்படையாக அறிவித்தார். சில நாளில் கவுன்டியும் நிறுவனமும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் உடன்பாடு கண்டன, வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. பெரிய நிறுவனத்திற்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். முடிதிருத்துபவருக்கு யார் இருந்தார்கள்? சாரா கோடிக்கோ கொலை மிரட்டல்கள் வந்தன. அவருடைய வீட்டுக்குக் காவல் போட வேண்டியிருந்தது. திறப்பில் மேலிடத்தோடு முரண்பட்டது அந்த ஊர் மட்டுமல்ல. 2020 மே 4-இல் நம் கூட்டரசு தளர்வை அறிவித்தபோது, சபா, சரவாக், கெடா உள்ளிட்ட சில மாநிலங்கள் அன்றே திறக்க மறுத்தன.

எதிர்த்தவர்கள் எல்லாரும் அறிவியலை வெறுத்தவர்கள் என்று எழுதுவது நியாயமாகாது. காத்திருப்புக்கு விலை உண்டு. அந்த விலையை எல்லாரும் சமமாகக் கொடுக்கவில்லை. ஆப்பிளில் வேலை செய்பவர் மடிக்கணினியோடு வீட்டில் இருந்தார். கிழக்கு சான் ஹோசேயில் வாழும் சமையல்காரரும் துப்புரவுத் தொழிலாளியும் வெளியே போனால்தான் சம்பளம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் வசிப்பது அங்கு வழக்கம். தனிமைப்படுத்திக்கொள்ள அறை ஏது? கவுன்டி மக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரான லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் தொற்று கண்டவர்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்தனர். பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. பெரும்பாலான அரசாங்கப் பள்ளிகளில் மாணவர்கள் மறு ஆண்டுதான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். இணையமும் தனி மேசையும் இல்லாத பிள்ளை அந்த ஓராண்டில் இழந்ததை எந்தத் தொற்று வரைபடமும் காட்டாது. என் நிலைப்பாடு இதுதான்: காத்திருக்கச் சொல்லும் அரசாங்கம், காத்திருக்க முடியாதவருக்குச் சம்பளத்தையும் அறையையும் அதே நாளில் ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் இறங்கா. அவர் வேலைக்குப் போகத்தான் செய்வார்.

மாநிலமும் பிறகு கற்றுக்கொண்டது. ஆகஸ்டு 28-இல் ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என நான்கு படிகளை அறிவித்தது. ஒரு படியில் குறைந்தது 21 நாள் இருந்தால்தான் அடுத்த படி. பச்சை நிறம் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. பச்சை என்றால் மக்கள் விளக்கைத் தாண்டி ஓடிவிடுவார்கள்! அக்டோபரில் இன்னொரு நிபந்தனையும் வந்தது. கவுன்டியின் சராசரி மட்டும் குறைந்தால் போதாது, ஏழ்மையான வட்டாரங்களிலும் தொற்று குறைய வேண்டும். இதைத்தான் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குளிர்கால அலை வந்தது. நவம்பர் நடுவில் சாந்தா கிளாரா மறுபடி ஊதாவில். நவம்பர் 28-இல் உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளைக் கவுன்டி தடைசெய்ததால், ஃபோர்ட்டி நைனர்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்து அணி தன் சொந்த அரங்கத்தை விட்டு அரிசோனா மாநிலத்திற்குப் போய் விளையாடியது. டிசம்பர் இறுதியில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் ஏறக்குறைய நிரம்பின. கவனமாகத் திறந்த இடத்திற்கே இந்தக் கதி என்றால் கவனத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். கவுன்டிக்கு மதில் கிடையாது. பக்கத்து ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். கிருமியும் அதே காரில் வரும்.

அந்தக் குளிர்காலத்தில் சான் ஹோசேயில் இன்னொரு வேலையும் நடந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தினமும் கசடு மாதிரி எடுத்து, அதில் கிருமியின் மரபணுத் துணுக்குகளை அளந்தார்கள். தொற்று கண்டவரின் மலத்தில் அவை வெளியேறும். அவர் கிளினிக்கிற்குப் போனாரா, பயணம் செய்தாரா, காப்புறுதி வைத்திருக்கிறாரா என்று கழிவுநீர் கேட்பதில்லை. பிப்ரவரி 6-இல் எவரும் தேடாமல் விட்டதுபோன்ற தொற்றும் இந்தக் கணக்கில் விழும். கிருமி புகுந்ததற்கும் அளவு ஏறுவதற்கும் இடையே அப்போதும் சில நாள் ஆகிறது. ஆனால் படுக்கைகளை எண்ணிக்கொண்டு பதினான்கு நாள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.