தெத்துப்பல் அழகு சமாச்சாரமா?

“பல் கோணலாயிருப்பது அழகு சமாச்சாரம். அதற்கெல்லாம் சர்க்கார் செலவு செய்ய முடியுமா?” என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் வாயைப் பாருங்கள். பன்னிரண்டு வயதிலேயே கம்பி மின்னும். அவர்கள் பிள்ளைக்கு அது வைத்தியம். நெசவாளியின் பிள்ளைக்கு மட்டும் அழகு சமாச்சாரம்!

இது ஒன்றிரண்டு குழந்தைகளின் குறையல்ல. நாட்டின் பல பகுதிகளில் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த கணக்கு, நூற்றுக்குச் சுமார் 35 பேருக்குப் பல்வரிசையிலோ கடிப்பிலோ கோளாறு என்கிறது. அந்தக் கணக்குப்படி, நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் பதினான்கு பேர். அத்தனை பேருக்கும் கம்பி வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பலருக்கு இருப்பது லேசான கோணல், தீங்கில்லை. ஆனால் மேல்பல் துருத்தி நிற்கும் பிள்ளை தடுக்கி விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். நெருக்கியடித்து முளைத்த பற்களுக்கிடையே பிரஷ் நுழையாது. சொத்தை விழும், ஈறு வீங்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா?

“பரம்பரை, தலையெழுத்து” என்பார்கள். தாடையின் அளவு தாய் தகப்பனிடமிருந்து வருவது மெய்தான். மீதியையும் கேளுங்கள். ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதற்கு முன்னே நிற்கும் பால்பல் சொத்தையாகி, வலி தாங்காமல் பிடுங்கப்பட்டால், புதுப்பல் அந்தக் காலியிடத்தை நோக்கி நகர்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் அங்கே முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லை. அது பக்கவாட்டில் முட்டுகிறது. கோரைப்பல் மேலே ஏறி நிற்கிறது. இதில் தலையெழுத்து எங்கே வந்தது? பிடுங்கிய இடத்தில் ஒரு சிறு வளையமும் கம்பியும் பொருத்தி இடத்தைக் காத்திருந்தால் போதும். பால்பல் சொத்தையை அடைத்திருந்தால் அதுகூட வேண்டாம். “விழப்போகிற பல்தானே” என்று அலட்சியம் செய்தது யார்? தறியை நிறுத்த முடியாத தாயா? அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தியத்தை வைக்காத சர்க்காரா?

12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொத்தை உண்டென்று 2002-03 தேசிய வாய்நல ஆய்வே சொல்லிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2013இல் வந்தது; பல் நோயும் அதன் பட்டியலில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் காகிதத்தில் குறித்தால் பல் நேராகிவிடுமா?

தனியாரிடம் கம்பி போட இருபதாயிரம், முப்பதாயிரம், அதற்கு மேலும் கேட்பார்கள். சென்னையில் 1953இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே செலவு குறைவு. ஆனால் ஒன்றரை, இரண்டு வருஷம் மாதாமாதம் போக வேண்டும். ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் பஸ், அங்கிருந்து ரயில், போய்வர ஒரு நாள். ஓடாத தறிக்குக் கூலியில்லை. வெட்டாத கரும்புக்கும் இல்லை. ஒரு பல்வரிசைக்கு இருபது நாள் கூலி! பதிவேட்டில் பெயரே ஏறாத கூலிக்காரருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது.

“சோற்றுக்கே வழியில்லாதவனுக்குப் பல் கம்பி ஒரு கேடா?” என்றும் கேட்பார்கள். சோறும் வேண்டும், அதை மெல்லப் பல்லும் வேண்டும் என்பதே நம் பதில். முதலாளித்துவ நாடான பிரிட்டனிலேயே, 1948இல் பிறந்த தேசிய சுகாதார சேவையில், பல் கோணலால் உடல்நலம் கெடும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வைத்தியம் இலவசம். அதை அங்கே யாரும் ஆடம்பரம் என்று தள்ளிவிடவில்லை.

நாம் கேட்பது இவ்வளவுதான்: ஒன்றியந்தோறும் அரசு ஆஸ்பத்திரியில் தினமும் பல் டாக்டர் இருக்க வேண்டும், பால்பல் சொத்தையை அடைக்கவும், இடங்காக்கும் வளையம் பொருத்தவும் அங்கேயே வசதி வேண்டும், கடுமையான கோளாறுள்ள பிள்ளைக்கு மாவட்டத் தலைநகரில் இலவசக் கம்பி வைத்தியமும், துணைக்கு வருபவருக்குப் பஸ் செலவும் நாள் கூலியும் தர வேண்டும். மே தினத்தன்று கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதவைத்து, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள், தோழர்களே!