கணினி விளையாட்டு விழாவில் ஒரு நாள்

குடும்பக் காரியங்களையும் சங்கக் காரியங்களையும் கலந்தே இப்பகுதியில் எழுதி வருகிறோம். இத்திங்கள் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு மூத்த நேயர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். பிள்ளைகள் கண்ணை இமைக்காமல் திரையில் ஆடும் விளையாட்டுகளைப் பற்றியே எழுதப் போகிறோம். 2024 நவம்பரில் செகந்தராபாத்தில் வாழும் நம் குடும்பங்கள் நான்கு ஒன்றுகூடி, ஹைடெக்ஸ் திடலில் நடந்த விளையாட்டு விழாவுக்குச் சென்று வந்தோம். அச்செய்தி சங்கத்தில் பரவிய நாள் முதல், "அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? பிள்ளைகளை அனுப்பலாமா?" என்று வினவாத பெற்றோர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட இங்கே எழுதிவிடுவது நன்று.

இந்நகரத்தாருக்குப் பொருட்காட்சி புதிதன்று. 1938இல் தொடங்கிய நுமாயிஷ், தடைப்பட்ட சில ஆண்டுகள் நீங்கலாக, சனவரி முதல் நாளன்று நாம்பள்ளித் திடலில் கூடுவதை நம்மவர் அனைவரும் அறிவர். அங்கே காஷ்மீரச் சால்வையும் ஊறுகாயும் வாங்கச் செல்கிறோம். ஹைடெக்ஸ் விழாவுக்குச் செல்வோர் பெரும்பாலும் எதையும் வாங்கச் செல்வதில்லை. ஆடச் செல்கின்றனர், பிறர் ஆடுவதைப் பார்க்கச் செல்கின்றனர். இவ்வேறுபாட்டை உணராமல் சென்றால் பெரியவர்கள் அரைமணி நேரத்தில் சலிப்படைந்து நாற்காலி தேடத் தொடங்குவர்.

உண்மையில் அது இரண்டு விழாக்களின் கூட்டு. ஒன்று, 2011இல் தில்லியில் தொடங்கிய காமிக் கான் என்னும் சித்திரக்கதை விழா. மற்றொன்று ட்ரீம்ஹேக். இதன் தொடக்கம் சுவையானது. 1994இல் சுவீடன் நாட்டின் மாலுங் என்னும் சிற்றூரில், ஒரு பள்ளிக்கூடத்தில், நண்பர்கள் தத்தம் வீட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து, இரவு முழுதும் ஆடினார்களாம். அக்காலத்துக் கணினியின் கனத்தை நேயர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு அண்டாவும் குத்துவிளக்கும் சுமந்து செல்வது போன்றதே அது.

அதற்கும் நெடுங்காலம் முன்பே இப்படியொரு கூட்டம் கூடியிருக்கிறது. 1958 அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பொதுமக்களை உள்ளே விட்டுக் காட்டும் நாள் வந்தது. அணுவாராய்ச்சிக் கருவிகளை வெறுமனே பார்த்து மக்கள் சலிப்படைவார்களே என்று எண்ணிய வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலறிஞர், அலைகாட்டிக் கருவியின் 5 அங்குலத் திரையில் ஒளிப்புள்ளியொன்றைப் பந்தாகத் தாவவிட்டு, இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். அதை ஆடிப் பார்க்க மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். பெரிய ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்கள் ஒரு சிறு புள்ளியின் முன் கால்கடுக்க நின்றதை நினைத்தால், இன்றைய பிள்ளைகளைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இனி நம் பயணம். சனிக்கிழமை காலை, செகந்தராபாத் கிழக்கு நிலையத்தில் பதினொருவர் மெட்ரோ இரயில் ஏறினோம். தென்மத்திய இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர், அவருடைய எழுபத்து நான்கு வயதுத் தமக்கையார், அந்த அம்மையாரின் பன்னிரண்டு வயதுப் பேரன், வேறொரு நண்பரும் அவருடைய மூத்த மகனும், வடிவமைப்புக் கல்வி முடித்த ஒரு பெண், ஏனையோர். ஹைடெக் சிட்டி நிலையத்தில் இறங்கி, மூன்று ஆட்டோக்களில் பிரிந்து, திடலை அடைந்தோம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தாக்கியது ஓசையே. இரண்டாவது, வேடமிட்டோர் கூட்டம். சப்பானியச் சித்திரக்கதை மாந்தரைப் போல நீல முடியும் அட்டைக் கவசமும் அணிந்த இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் உலாவினர். நம் மூதாட்டியார் திருச்செந்தூர்ப் பக்கத்தவர். அவரை எல்லோரும் 'ஆச்சி' என்றே அழைப்போம். அவர் மிரண்டுவிடுவாரோ என்று நாம் தயங்கினோம். அவரோ சிறிதும் வியக்காமல், "நம்ம குலசேகரன்பட்டினம் தசராதான். என்ன, இதுக காணிக்கை பிரிக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தார். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளியாகவும் குறவனாகவும் வேடம் புனையும் ஊரில் வளர்ந்தவருக்கு வேறு என்ன தோன்றும்!

இரயில்வே நண்பர் போட்டி மேடையின் முன் அமர்ந்துவிட்டார். ஐவர் ஐவராக இரண்டு அணிகள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கணினி. மேலே கல்யாணப் பந்தல் அகலத்துக்குத் திரை. இந்தியில் மூச்சுவிடாத நேர்முக வருணனை. அவர் ஒரு காலத்தில் இரயில்வே கால்பந்து அணியில் ஆடியவர். "நடுவர் எங்கே?" என்பதே அவருடைய முதற் கேள்வி. ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்று கண்காணிப்பவர்களைப் பக்கத்திலிருந்த சிறுவன் சுட்டிக்காட்டினான். ஒரு மணி நேரம் கழித்து நாம் திரும்பியபோது, எந்த அணி பின்வாங்கியிருக்க வேண்டும், எவன் தனித்து ஓடியது தவறு என்று அச்சிறுவனோடு வாதிட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் புரிந்ததா என்று கேட்டோம். "சுடுவது பிடிக்கவில்லை, ஆனால் சொல்பேச்சுக் கேட்கும் அணிதான் வெல்கிறது" என்றார்.

பிள்ளைகள் வரிசைகளில் நின்றனர். ஒரு புதிய விளையாட்டைச் சில நிமிடங்கள் ஆடிப் பார்க்க அதைப்போலப் பன்மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். இவ்வரிசைகளைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை. திருப்பதி சென்றவர்கள் அறிவார்கள்.

நாம் எழுத விரும்பியது நண்பகலில் நடந்ததை. உணவுக் கூடத்தின் ஓரத்தில் மேசை பிடித்து அமர்ந்தோம். ஆச்சியின் பேரன் இந்நகரத்திலேயே பிறந்தவன். தோழரோடு தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் அவனுக்குக் காதால் அறிந்த மொழி. ஆச்சி கேட்பதற்கு ஒரு சொல்லில் விடை தருவான். தானாக ஒன்றும் கேட்கமாட்டான். எழுத்து அறவே தெரியாது. இது அந்த ஒரு வீட்டின் நிலை அன்று. ஞாயிறுதோறும் நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். தசராவுக்குப் பின் பாதிப் பெயர்களுக்கு எதிரே கோடுதான் இருக்கிறது.

அப்போது வடிவமைப்புக் கல்வி முடித்த பெண் தன் பையிலிருந்து நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவியை எடுத்து, ஒரு விளையாட்டைத் திறந்து பையனிடம் கொடுத்தாள். அதன் பெயர் வெண்பா. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு உருவாக்கி 2023 சூலையில் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. இதில் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. தாய்வீட்டிலிருந்து வந்த சமையற் குறிப்பேடு கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து, எதற்குப் பின் எது என்று கண்டறிந்து சமைக்க வேண்டும். மகன் தமிழைவிட்டு விலகுவதும், வளர்ந்தபின் அவ்வேட்டைத் தட்டுத்தடுமாறிப் படிப்பதும் இடையே வருகின்றன. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், முதற்படைப்புக்கான பரிசு இதற்குக் கிடைத்தது.

முதற்கட்டம் இட்டலி. பையன் மாவை ஊற்றினான், தட்டுகளை அடுக்கினான்; சரிவரவில்லை. மீண்டும் அடுக்கினான். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி பொறுக்கமாட்டாமல், "ஏய்யா, தட்ட நேருக்கு நேரா வைக்கலாமா? மேல் குழி கீழ இட்டிலில போயி ஒட்டிக்கிடும்லா. திருப்பி வையி, ஆவி போக வழி வேணும்" என்றார். அவன் திருப்பி வைத்தான். இட்டலி வெந்தது.

அவன் கருவியிலிருந்து முகத்தைத் தூக்கி ஆச்சியைப் பார்த்த பார்வையை நாம் விரைவில் மறக்கமாட்டோம். தாம் நாள்தோறும் வைத்துக் கொடுக்கும் இட்டலியில் இப்படியொரு சூட்சுமம் இருப்பதாக அவன் எண்ணியதே இல்லை. ஆச்சி அறிந்தது ஒரு விளையாட்டுக்கு விடையாகும் என்று அவரும் எண்ணியதில்லை. அடுத்து புட்டு வந்தது. இம்முறை அவன் தானாகவே கேட்டான்: "ஆச்சி, first தேங்காயா, மாவா?" அரைத் தமிழும் அரை ஆங்கிலமுமான அக்கேள்வியே, மூன்றாண்டுகளில் அவன் ஆச்சியிடம் முதன்முதலாகக் கேட்டது என்று பின்னர் அவன் தாயார் நம்மிடம் கூறினார். அன்று பிற்பகல் அவன் எந்த வரிசைக்கும் செல்லவில்லை.

ஒரு விளையாட்டினால் பிள்ளைகள் தமிழ் கற்றுவிடுவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்பையன் இன்னும் 'ழ'கரத்தோடு மல்லாடுகிறான். எனினும் ஞாயிறு வகுப்பில் 'அணில், ஆடு' என்று தொடங்கும் பாடத்தோடு, வீட்டுச் சமையற் குறிப்பு ஒன்றை ஆச்சியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னால் என்ன என்று ஆசிரியையிடம் கூறியிருக்கிறோம். அவரும் இசைந்திருக்கிறார்.

இனி, தந்தையர் கேட்கும் கேள்வி. நம்முடன் வந்த மூத்த பையன் அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தான். விளையாட்டே தன் தொழில் என்று வீட்டில் அறிவித்திருந்தான். அவன் தந்தை வங்கியில் பணியாற்றுபவர்; கோபக்காரர் அல்லர், கவலைக்காரர். மின்திரை விளையாட்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய பிரிவாக 2023இல் ஹாங்சோவில் சேர்க்கப்பட்டதைப் பையன் எடுத்துக் கூறினான். அது உண்மையே. ஆனால் கிரிக்கெட் மட்டையைப் பிடித்தவரெல்லாம் நாட்டுக்காக ஆடுவதில்லை. ஆடிப் பிழைப்போர் மிகச் சிலர். ஆட்டத்தை ஆக்கிப் பிழைப்போர் அவர்களைவிடப் பலர் என்பதே நம் கருத்து. ஓவியர், கதை எழுதுவோர், இசையமைப்போர், நிரல் எழுதுவோர், பிழை தேடுவோர் என்று அத்தொழிலில் பல கைகள் வேண்டும். புனேயிலிருந்து 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் விளையாட்டு, நம் நாட்டுச் சிறு குழுவாலும் இது இயலும் என்பதைக் காட்டியது.

தந்தையும் மகனுமாக ஓர் அரங்கில் நின்று, விளையாட்டு ஆக்கும் இளைஞர் ஒருவரிடம் பேசினர். "எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?" என்றார் தந்தை. "பட்டம் இருக்கட்டும் சார். தம்பி இதுவரை என்ன செய்திருக்கிறார்? சிறியதாக இருந்தாலும் முடித்த ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்" என்பது அவர் விடை. வீடு திரும்பும் வண்டியில் இருவரும் பேசவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. விளையாட்டு வேறு, பணம் வைத்தாடும் சூதாட்டம் வேறு. பிந்தியது குடும்பங்களை அழித்ததை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தெலங்கானா 2017இலேயே தடை செய்தது. தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு முழுதுக்குமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றி, பண ஆட்டங்களை விலக்கி, மின்திரைப் போட்டிகளை விளையாட்டு என்று ஏற்றது. சட்டம் ஒருபுறமிருக்க, பிள்ளையின் கைப்பேசியில் உங்கள் வங்கிக் கணக்கோ அட்டையோ இணைந்திருக்கிறதா என்பதை இன்றிரவே பாருங்கள். பல விளையாட்டுகள் ஆட இலவசம்; உள்ளே சட்டையும் துப்பாக்கியும் விற்கும். அங்கேதான் பணம் கரைகிறது.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். நுழைவுச் சீட்டை முன்னரே இணையத்தில் வாங்கிவிடுங்கள். முதியோரை அழைத்துச் சென்றால் பிற்பகல் நெரிசலுக்கு முன் அமரும் இடம் பிடியுங்கள். காதில் வைக்கப் பஞ்சு கொண்டு செல்லுங்கள். சிறுவர்களோடு பெரியவர் ஒருவர் வரிசையில் நிற்பது நலம். எந்த விளையாட்டு எவ்வயதினருக்கு உரியது என்பதைக் கேட்டபின் ஆடவிடலாம்.

வங்கி நண்பரின் மகன் இப்போது கணினியில் பல்லாங்குழி ஆக்க முனைந்திருக்கிறான். தேர்வுக்கு இடையூறில்லாமல், வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று தந்தையோடு உடன்பாடு. பலகையும் பதினான்கு குழிகளும் வரைந்து முடித்துவிட்டான். ஆட்ட விதியில்தான் சிக்கிக்கொண்டான். குழிக்கு ஐந்து காய் என்கிறார் அவன் தாயார். ஆறு என்கிறார் ஆச்சி. நான்கு சேர்ந்தால் பசு என்று எடுப்பது யார் என்பதில் இரு வீட்டாருக்கும் வழக்கு. ஆகவே நேயர்கள் தத்தம் வீட்டில் ஆடிய முறையை, எத்தனை காய், பசு எடுப்பது எவர், ஆட்டம் முடிவது எப்போது என்பவற்றோடு, ஓர் அஞ்சலட்டை அளவில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பக் கோருகிறோம். ஊர்ப் பெயரையும் மறவாமல் குறிப்பிடுக.