பெயரில்லா அத்திக்குப் பெயர் சூட்டலாமா?

கொம்பை நட்டுச் செடி வளர்க்கும் வழக்கம் நம் மக்களுக்குப் புதியதன்று. முருங்கையும் செம்பருத்தியும் மரவள்ளியும் தோட்டப்புற இல்லங்களில் அவ்வாறே கைமாறி வந்தன. கேட்டவருக்கு ஒரு முழக் கொம்பை வெட்டிக் கொடுப்பார்கள். வகையின் பெயரைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டு வீடுகளின் முற்றங்களில் இடம் பிடித்துவிட்ட மேனாட்டு அத்தி, அதாவது மலாய் அன்பர்கள் 'தீன்' என்று போற்றும் பழமரம், அவ்வளவு எளிதில் அடங்குவதன்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஐரா காண்டிட் என்னும் அறிஞர் 1955இல் வெளியிட்ட தொகுப்பில் இம்மரத்தின் வகைகள் 600க்கும் மேற்பட்டவை விவரிக்கப்பட்டுள்ளன.

நண்பரிடமிருந்து நண்பருக்கும், பள்ளித் தோட்டத்திலிருந்து மாணவர் இல்லத்திற்கும் செல்லும் அத்திக் கொம்புகள் பல, வழியிலேயே பெயரை இழந்துவிடுகின்றன. மையால் எழுதிய எழுத்து வெயிலில் வெளுத்துவிடும். நூலிற் கட்டிய அட்டை மழையில் கரைந்துவிடும். பின்னர்க் கொம்பு தளிர்த்ததும், யாரோ ஒருவர் இலையை ஒரு படத்தோடு ஒப்பிட்டு "இஃது இன்ன வகை" என்று கூறிவிடுகிறார். மறுநாளே அப்பெயர் தகட்டில் ஏறுகிறது. அம்மரத்திலிருந்து வெட்டிய பத்துக் கொம்புகள் அதே பெயரைச் சுமந்துகொண்டு பத்து வீடுகளுக்குச் செல்கின்றன. இவ்வழக்கம் நிறுத்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

பழம் இனித்தாற் போதாதா, பெயர் எதற்கு என்று வினவுவோர் உளர். பழம் கிடைக்குமா என்பதே வகையைப் பொறுத்தது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்திருக்கின்றன. சில வகைகள் மகரந்தமின்றியே பழுக்கும். 'ஸ்மிர்னா' இனத்தைச் சேர்ந்தவையோ, ஒரு சிறு குளவி காய்க்குள் புகுந்து மகரந்தம் சேர்த்தாலன்றிப் பழுக்கமாட்டா. காய் வாடி உதிர்ந்துவிடும். நம் காட்டு அத்தி மரங்களுக்கு அவற்றிற்குரிய குளவிகள் உண்டு. மேனாட்டு அத்திக்குரிய குளவி இங்கு வாழ்வதில்லை. கலிபோர்னிய உழவர்கள் இதைப் பட்டறிந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கிக் கொம்புகளைக் கொணர்ந்து நட்ட அவர்கள், ஆண்டுக்கணக்கில் காய் உதிர்வதையே கண்டனர். 1899இல் அக்குளவியைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்த பின்னரே பழம் பெற்றனர். குளவியே இல்லாத நம் ஊரில், தவறான பெயரை நம்பி அத்தகைய கொம்பைப் பணம் கொடுத்து வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இலைதான் மிஞ்சும்.

பால்மரக் காட்டில் உழைத்த நம் பெற்றோருக்கு இது விளங்காத செய்தியன்று. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது ஜிர் 1, பி.பி. 86 ஆகிய இரு வகைகளைக் கலந்து பெறப்பட்டது. ஒட்டுக் கட்டியே பெருக்கப்பட்டது. ஒட்டுக்கான கிளைகளை வழங்கும் நாற்றங்காலில் ஒவ்வொரு வகையும் தனித்தனிப் பாத்தியில், பெயர்ப்பலகையோடு நிற்கும். வேற்று வகை கலந்துவிட்டால், இலையடுக்கின் வடிவையும் விதையின் வரிகளையும் நோக்கி அறிந்தோர் அதனைக் கண்டு நீக்குவர். அங்ஙனம் செய்யாவிடில் பாலின் அளவு குறைவது பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். பால்மரத்துக்குக் காட்டிய அக்கறையை, பால் வடிக்கும் மற்றொரு மரமாகிய அத்திக்கும் காட்டினால் என்ன?

இலையை மட்டும் கொண்டு வகையை முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. ஒரே மரத்தில் பிளவுபடாத இலையும், மூன்று விரல் இலையும், ஐந்து விரல் இலையும் காணப்படும். நிழலில் வளர்ந்தது ஒருவிதம், வெயிலில் வளர்ந்தது வேறுவிதம். போதாக்குறைக்கு, 'மொசைக்' என்னும் நச்சுயிரி நோய் கொம்போடு கொம்பாகப் பரவி இலையின் நிறத்தையும் வடிவையும் கெடுத்துவிடுகிறது. பழமே நம்பத்தக்க சான்று. அதன் தோலின் நிறம், கழுத்து நீண்டதா குறுகியதா என்பது, அடியிலுள்ள கண் திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பது, உள்ளிருக்கும் சதையின் நிறம், சுவை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். கண் அகன்ற வகை நம் மழையில் எளிதிற் புளித்துவிடும். ஆதலால் அக்குறிப்பு மிக முக்கியமானது. இளங்கன்றின் முதற்காய்கள் பெரும்பாலும் தம் வகையின் முழு இயல்பைக் காட்டுவதில்லை. இரண்டாம், மூன்றாம் முறை காய்க்கும்வரை பொறுத்தல் நலம். பச்சையும் மஞ்சளுமாய் வரியோடிய பழம் தரும் 'பனாஷே' போன்ற சிலவற்றைக் கண்டவுடன் கூறிவிடலாம்; அவை விதிவிலக்கு.

பழத்தைக் கண்ட பின்னும் பெயர் ஒரு சிக்கலே. இத்தாலியில் 'தொட்டாத்தோ' என வழங்குவதும் கலிபோர்னியாவில் 'கடோட்டா' எனப்படுவதும் ஒரே அத்தி. மாறாக, இங்கிலாந்தின் 'பிரவுன் டர்க்கி' வேறு, கலிபோர்னியாவில் அப்பெயர் தாங்கி நிற்பது வேறு. அறிஞர்கள் இன்று மரபணுவைச் சோதித்து இவற்றைப் பிரித்தறிகின்றனர். நம் முற்றத்து மரத்திற்கு அவ்வசதி எளிதிற் கிட்டாது.

ஆகவே மாணவச் செல்வங்களே, கொம்பு வாங்கும்போது கொடுத்தவர் பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கொம்பு என்பது தாய்மரத்தின் ஒரு பகுதியே. ஆதலால் கொடுத்தவரின் மரம் எதுவோ, உங்கள் மரமும் அதுவே. தாய்மரத்தைத் தேடிச் செல்ல வழி இருக்கும்வரை பெயரைத் தேடவும் வழி உண்டு. பானம் அருந்திய அலுமினிய டின்னைப் பெற்றோர் உதவியுடன் பட்டையாக வெட்டி, கூர்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து வெயிலிலும் மழையிலும் அழியாது. கொம்பு வெட்டும்போது வடியும் பால் தோலிற் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் கொப்புளம் உண்டாகும், உடனே கழுவிவிடுங்கள். வகையின் பெயர் தெரியாவிடில் அவ்விடத்தில் 'தெரியாது' என்றே எழுதுங்கள். பிறருக்குக் கொம்பு கொடுக்கும்போதும் அச்சொல்லையே எழுதிக் கொடுங்கள்.